நோண்டினால் என்ன கெட்டுவிடும்?

கிள்ளான், தெங்கு கிளானா சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்திருந்தவர் துறைமுகத்துக்கு ஓடும் இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சனிக்கிழமைக் கணினி வகுப்புக்கு அவர் மகன் கொமுட்டர் ரயில் ஏறி வருகிறான். ரசத்தைக் குடித்து இலையை மடித்த பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வாரமா பையன் ஒரு சின்ன கார்டுல என்னமோ ஏத்துறான், அழிக்கிறான், திரும்ப ஏத்துறான். காடி ஓட்டக் கத்துக்க இஞ்சினையா பிரிக்கணும்? ரெடியா ஒண்ணு வாங்கிக் கொடுத்தா போச்சு. இதெல்லாம் சும்மா நோண்டுற வேலை."

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இதே பேச்சைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். சைபர்ஜெயாவில் கணினி வேலை பார்த்து நல்ல சம்பளம் வாங்கும் நண்பர்களும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் கூடுகிறது. அவர்கள் வாதம் இது: ஒற்றைப் பலகைக் கணினி, திறந்த மூல இயங்குதளம் எல்லாம் பொறியியல் மாணவனின் பொழுதுபோக்கு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு, அதிலும் பி40 என்ற குறைந்த வருமானப் பிரிவு வீட்டுப் பிள்ளைக்கு, ஆயத்தமாக ஒரு கருவியும் அதில் நாலு நல்ல செயலியும் போதும். ஊரில் பலரும் ஒப்புக்கொண்ட நியாயம் இது. பாதி சரி, பாதி தப்பு என்று சமாதானம் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. இது முழுத் தப்பு.

லாரிக்காரரின் உவமையிலிருந்தே தொடங்குகிறேன். ஓட்டக் கற்க இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இயங்குதளம் ஏற்றுவது டயர் மாற்றுவதற்குச் சமமான வேலை. இரவு இரண்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால், ஜாக்கி வைக்கத் தெரியாத ஓட்டுநரை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார்.

இயந்திரத்தைத் தொடப் பயந்த பரம்பரையா நாம்? பிரிக்பீல்ட்ஸ் ரயிலை நம்பி வளர்ந்த ஊர். அரசு ஊழியர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் கட்டிய நூறு குவாட்டர்ஸ் அங்கேதான் இருந்தது. செந்தூல் பட்டறையில் நீராவி இன்ஜின்களைப் பிரித்துக் கோத்த கைகளில் நம் தாத்தாக்களின் கைகளும் உண்டு. இன்றைக்கும் நம் தாமான்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள்: வீட்டு வாசலில் கப்சாய் மோட்டார் சைக்கிள் பிரிந்து கிடக்கும், அப்பா கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பார், பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அதே அப்பாதான் மாலையில் "கம்ப்யூட்டர நோண்டாத, கெட்டுப்போயிடும்" என்கிறார்.

கெட்டுப்போகிற பொருள் எது, கெடாத பொருள் எது என்று தெரியாததால் வருகிற பயம் இது. எங்கள் வகுப்பில் பயன்படுத்தும் ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி அட்டை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 35 அமெரிக்க டாலர், அளவு கிட்டத்தட்ட ஒரு கடன் அட்டை. கேம்பிரிட்ஜில் எபென் அப்டனும் கூட்டாளிகளும் இதைச் செய்யத் தூண்டிய கவலை எளிமையானது: கணினி அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கணினியைத் திறந்து பார்த்த அனுபவமே இல்லை. 2015 நவம்பரில் இதன் சின்னத் தம்பியான பை சீரோவை ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். நம் ஊரில் தீபாவளி மலரோடு நாட்காட்டி தருவதுபோல!

அந்த அட்டையை வாங்கி மின்சாரம் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு மேல் அது மக்கு. அதன் அறிவு முழுவதும் விரல் நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டில்தான். டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்ட ராஸ்பெரி பை ஓஎஸ்ஸை இணையத்திலிருந்து இறக்கி, 2020இல் வந்த இமேஜர் என்ற கருவியால் கார்டில் எழுத வேண்டும். மடிக்கணினியில் கார்டைச் செருகு, எந்த அட்டை என்று சொல், எந்த இயங்குதளம் என்று சொல், எழுது. கால் மணி நேர வேலை. அதை ஏன் மூன்று வாரம் இழுத்தான் என்பதுதான் லாரிக்காரரின் கேள்வி.

முதல் வாரம் நடந்தது இது. பையன் அப்பாவின் விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காகத்தான் எழுதினான். சரியாக வந்திருக்கிறதா பார்ப்போமே என்று கார்டைக் கழற்றி மறுபடி செருகினான். உடனே ஒரு கட்டம் எழும்பியது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, சரி என்று அழுத்திவிட்டான். கார்டை அட்டையில் போட்டால் திரையில் வானவில் நிறச் சதுரம் ஒன்று வந்தது, வெள்ளை எழுத்துகள் கடகடவென ஓடின, ரூட் பகுதியை ஏற்ற முடியவில்லை என்று நின்றது.

அன்றைக்குப் பாடப் புத்தகமே தேவைப்படவில்லை. ஒரே கார்டில் இரண்டு பகுதிகள் இருப்பதையும், ஒன்றை விண்டோஸ் படிக்கும், இன்னொன்று லினக்ஸுக்கே உரிய வேறு வகைக் கோப்பு முறைமை என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். தனக்குப் படிக்கத் தெரியாததை விண்டோஸ் கெட்டுப்போனது என்று முடிவுகட்டியிருக்கிறது. (பெரியவர்கள் பலரும் அப்படித்தான் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று நான் பார்க்கவில்லை.) மறுபடி எழுதினான். நட்டம் கால் மணி நேரம்.

இரண்டாம் வாரம் திரையின் மூலையில் மஞ்சள் நிற மின்னல் குறி விட்டுவிட்டு வந்தது, அட்டை இடையிடையே தானாக நின்றது. கார்டு கெட்டுவிட்டது என்றான் ஒருவன், அட்டையே போலி என்றான் இன்னொருவன். புடு, ஜாலான் பாசாரில் வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்து மின்னழுத்தத்தை அளக்கச் சொன்னேன். ஐந்து வோல்ட்டு வர வேண்டிய இடத்தில் நாலரையைச் சுற்றி ஆடியது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அட்டை அந்த மின்னலைக் காட்டும். வீட்டில் கிடந்த கைப்பேசி சார்ஜர், அதோடு முடி மாதிரி மெல்லிசான நீள ஒயர். வோல்ட்டு வழியிலேயே தேய்ந்துபோகிறது. ஒயரைக் குட்டையாக்கி, சரியான அடாப்டரைப் போட்டதும் மின்னல் மறைந்தது. ஓம் விதியை அவன் பள்ளியில் மனப்பாடம் செய்வதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.

மூன்றாம் வாரம்தான் எனக்கே வேர்த்துவிட்டது. எல்லாம் ஏறிவிட்டது, இணையமும் வந்துவிட்டது. ஆனால் புதிய மென்பொருள் எதையும் இறக்க மாட்டேன் என்றது. களஞ்சியத்தின் கையொப்பம் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று திரும்பத் திரும்ப அடம்பிடித்தது. செல்லுபடி தீர்ந்தது என்றால் புரியும், இன்னும் ஆகவில்லை என்றால்? அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன். ஒரு மாணவிதான் திரையின் மேல்மூலையைக் காட்டி, "சார், இதுல இன்னும் போன மாசம்" என்றாள். எங்கள் அட்டை பழைய வகை, அதில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்டை நிறுத்தினால் நேரம் அங்கேயே நிற்கும், பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நாங்கள் இருந்த கட்டடத்தின் வைஃபை அப்படி நேரம் கேட்கும் வழியை அடைத்து வைத்திருந்தது. கையால் தேதியை மாற்றினோம், வேலை முடிந்தது. பூட்டும் சாவியும் சரியாக இருந்தாலும் கடிகாரம் தப்பாக இருந்தால் கதவு திறக்காது என்பதை நம் வங்கிச் செயலியைத் தினமும் தட்டும் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆக அந்த மூன்று வாரங்களில் செலவு ஒரு காசு இல்லை. கார்டைக் கெடுக்கலாம், திரும்பக் கெடுக்கலாம், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி, அதிலும் அக்காவின் கல்லூரிப் பாடம், அப்பாவின் கணக்கு எல்லாம் இருக்கும்போது "தொடாதே" என்று சொல்வதில் நியாயம் உண்டு. அந்த நியாயம் இந்தக் கார்டுக்குச் செல்லாது. ஏழைப் பிள்ளைக்குத்தான் தப்புச் செய்ய மலிவான இடம் முதலில் தேவை. பணக்கார வீட்டுப் பிள்ளை விலை உயர்ந்ததையே உடைத்துப் பழகிக்கொள்ளும்.

ஆயத்தக் கருவிக் கட்சிக்கு வருகிறேன். 2021இல் செர்டிக் திட்டத்தில் ஒன்றரை லட்சம் பி40 மாணவர்களுக்குக் கருவிகளும் இணையமும் தருவதாக அறிவித்தார்கள். தொற்றுக் காலத்தில் அது தேவைப்பட்ட உதவி, அதைப் பழிக்கிற எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஆயத்தமாக வருகிற எதற்கும் ஆயுள் வேறு எங்கோ முடிவாகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மடிக்கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அதிகாரபூர்வமாக மேலே ஏற முடியாது. அவற்றை என்ன செய்வது? கார்டில் ஓஎஸ் ஏற்றத் தெரிந்த பையனுக்கு அதே கைப்பழக்கம் போதும். ஒரு பென்டிரைவில் டெபியனை எழுதி அந்த மடிக்கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுப்பான். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் இன்றைய 32 பிட் ஓஎஸ் இன்னும் ஏறுகிறது. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.

எதிர்க்கட்சிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ராஸ்பெரி பை இப்போது மலிவு என்று மார்தட்ட முடியாது. 2021, 2022 சில்லுத் தட்டுப்பாட்டில் கிடைக்கவே இல்லை, கிடைத்த இடத்தில் பல மடங்கு விலை. அடாப்டர், கார்டு, திரை, விசைப்பலகை எல்லாம் தனிக் கணக்கு. அது முற்றாகத் திறந்த பொருளும் கிடையாது. இயங்குதளத்தை எழுப்பிவிடும் தொடக்க நிரலில் மூடிய துண்டுகள் உண்டு. போகட்டும். எனக்கு அந்த அட்டை குலதெய்வம் இல்லை. வேறு கம்பெனி அட்டையோ கழித்துப்போட்ட அலுவலகக் கணினியோ எதுவும் ஆகும். இயங்குதளத்தைத் தன் கையால் அழித்து எழுத விட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

"தமிழ்நாட்டிலேயே கொடுத்துப் பார்த்தாங்க, என்ன ஆச்சு?" என்று ஒரு நண்பர் மடக்கினார். 2011இல் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அவர் சொல்கிறார். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவர் வாதம். இருக்கலாம். ஆனால் அது என் கட்சிக்கான சாட்சி. யாரோ ஏற்றி, யாரோ பெட்டியில் அடைத்து, கையில் கொடுத்த லினக்ஸும் ஆயத்தக் கருவிதான். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். ஐடி அட் ஸ்கூல் என்று 2001இல் தொடங்கிய திட்டம் ஆசிரியர்களிடமிருந்து ஆரம்பித்தது. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் தேர்வையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, பள்ளிக்கணினிகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 2004இலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அரசு அமைப்பான மாம்பு வெளியிட்டது. அது சனிக்கிழமை வகுப்புவரை இறங்கி வரவில்லை என்பது வேறு கதை.

லினக்ஸ் கற்றால் வேலை கிடைக்காது என்கிற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸ். உங்கள் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டின் கருவும் அதுவே. விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் சொல்லும் அந்த அட்டை விற்பனையாவதில் பெரும்பகுதி இப்போது தொழிற்சாலைகளுக்கும் கருவி தயாரிப்பவர்களுக்கும்தான் போகிறது.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடுமாம். எங்கள் வகுப்பில் ஒருவன் அதைக் கேட்டு, அது சொன்ன கோப்பைத் திறந்தான். உள்ளே ஒரு வரி இருந்தது: இதைத் திருத்தாதே, நீ தேடும் கோப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2023 பதிப்பில் இடம் மாறிய கோப்பு அது. அந்த வரியை நின்று படித்தவன் பிழைத்தான், படிக்காமல் எழுதியவன் ஒரு மணி நேரம் திண்டாடினான்.

பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் பாவம். ஜாலான் தெபிங்கில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. இந்த வட்டாரத்து நடைபாதையில் மஞ்சள் மேட்டுக்கோடுகள்மீது கோல் தட்டி நடப்பவர்கள் நமக்குத் தினப் பழக்கம். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில், முதன்முறை இயக்கும்போது கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாமல் இருந்தால், திரைவாசிப்பானை நிறுவ எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று ஒரு குரல் சொல்லும் ஏற்பாடு உண்டு. பார்வையற்ற ஒருவர் இன்னொருவர் துணையில்லாமல் தொடங்கலாம். ஈஸ்பீக் என்ற திறந்த மூல நிரல் தமிழும் வாசிக்கும். வாசிப்பு தகரத்தைத் தட்டியதுபோல்தான் இருக்கும், ழகரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த உச்சரிப்பு விதிகள் சாதாரண எழுத்துக் கோப்பில் கிடக்கின்றன. சிரித்தவன் திருத்தலாம்.

தமிழுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது கணினியில் தமிழ் ஆயத்தமாக எங்கே இருந்தது? 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது பேசியவர்களில் பாதிப்பேர் நோண்டியவர்கள்தானே? எங்கள் அட்டையில் முதலில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. ஒரு எழுத்துருப் பொதி, தமிழ்99 விசைப்பலகைக்கு ஒரு பொதி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் வேறு. முதல் இயக்கத்தில் ஓஎஸ் எந்த நாடு என்று கேட்கும். மலேசியா என்றோம், மொழிக்கட்டத்தில் மலாய் வந்தது. தமிழைத் தேடினோம். பட்டியலில் இந்தியத் தமிழ் இருந்தது, இலங்கைத் தமிழ் இருந்தது.

"சார், நம்ம எங்க?" என்றான் லாரிக்காரர் மகன்.

யாரும் நம்மைத் தடுத்துவைக்கவில்லை. மலேசியத் தமிழுக்கான கோப்பை எழுதி அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. கைப்பேசியில் "தமிழ் (மலேசியா)" உண்டு. அது எங்கோ முடிவுசெய்து வந்தது, பிடிக்காவிட்டால் நீங்கள் அதில் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. இங்கே அது எழுத்துக் கோப்பு. மாதப் பெயர், கிழமைப் பெயர், தேதி எழுதும் முறை, பணத்தின் குறி எல்லாம் வரிவரியாக இருக்கிறது. இந்தியத் தமிழ்க் கோப்பைப் படியெடுத்து, நாட்டின் பெயரை மாற்றி, தொலைபேசிக் குறியை 60 ஆக்கி, பணக்குறி வரியில் வந்து நின்றார்கள். இந்திய ரூபாய்க் குறியை அழித்தாயிற்று. அந்த இடத்தில் எதை எழுதுவது?

"ரி.ம." என்றாள் தேதியைக் கண்டுபிடித்த மாணவி, பாடநூலில் அப்படித்தான் என்று. "எங்க பாட்டி வெள்ளின்னுதான் சொல்வாங்க, பழைய பேப்பர்ல 'வெ.'ன்னு போட்டிருக்கும்" என்றான் இன்னொருவன். சண்டை பெரிதானது. லாரிக்காரர் மகன் அப்பாவுக்கே போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தான். பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"பில்லுல ரி.ம., வாயில வெள்ளி" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "இதையெல்லாம் நீங்களேவாடா முடிவு பண்றீங்க?" என்றார்.